மாத்திரை அட்டையை வைத்து எழுத்துச் சொல்லித் தரும் வகுப்பு

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சாயங்காலம் நடக்கும் எழுத்தறிவு வகுப்புக்கு என் அத்தை, அதாவது மாமியார், போகிறார். நானும் பல நாள் கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வகுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

இது 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் நடப்பது. 15 வயது தாண்டிய யாரும் சேரலாம். பணம் எதுவும் கிடையாது. தன்னார்வலர்தான் பாடம் எடுக்கிறார், மொத்தம் 200 மணி நேரம். சுகாதாரமும் திட்டத்திலேயே ஒரு பகுதி என்றாலும் பல இடங்களில் அது புத்தகத்தோடு நின்றுவிடும். எங்கள் ஊரில் மாதம் ஒரு நாள் கிராம சுகாதார செவிலியர் வகுப்புக்கே வந்து உட்காருகிறார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்த வகுப்பை நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வருபவர்களில் பாதிக்கு மேல் முந்திரி உடைக்கிற பெண்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்திருக்கும். பென்சில் பிடித்தாலே எரியும். நர்சம்மா முதல் நாள் நோட்டைத் திறக்கச் சொல்லவில்லை. எல்லோரையும் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லி, மாத்திரை அட்டைகளைப் பெஞ்சு மேல் கொட்டவைத்தார். அத்தையின் பையில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். இரண்டையும் அளவை வைத்து, பெரிசு, சின்னது என்றுதான் அதுவரை பிரித்துவைத்திருந்தார். மருந்து கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறிவிடும். அப்போது என்ன செய்வது? அன்றைக்கு மெட்ஃபார்மின் அட்டையில் இருக்கும் 500, அம்லோடிபின் அட்டையில் இருக்கும் 5 என்ற எண்கள்தான் பாடம். அட்டையில் பெயர் தமிழில் இருப்பதில்லை என்பதால் மார்க்கரால் ‘சுகர்’, ‘பிபி’ என்று அவர்களையே எழுதவைத்தார்.

அடுத்தது மருந்துச் சீட்டு. டாக்டர்கள் 1-0-1 என்று போடுவார்கள் இல்லையா, அதை ஓர் ஆயா “நூத்தி ஒண்ணு” என்று படித்தார். யாரும் சிரிக்கவில்லை. முந்தின வாரம்தான் நூறு வரை எண்ணப் பழகியிருந்தார்கள், அவர் படித்தது முறைப்படி சரிதான். பாடம் எடுக்கும் பெண் போர்டில் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று கட்டம் போட்டு எண்களை அதற்குள் எழுதினாள். அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பண்ருட்டியில் நாங்கள் போகும் ஒரு கிளினிக்கில் இதே விஷயத்தைப் பொறுமையாகச் சொல்ல ஆள் கிடையாது. சீட்டைக் கையில் திணித்து, மெடிக்கலில் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள்.

நர்சம்மாவிடம் எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம் ஒன்று. “புரிஞ்சுதா?” என்று அவர் கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். “வீட்ல மருமக கேட்டா என்னன்னு சொல்லுவீங்க ஆயா?” என்பார். அவர்கள் சொல்லும்போது எங்கே தப்பு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தும் ஒரு பாடம் நடந்தது. பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு கூடி உயிருக்கே ஆபத்தாகிவிடும். பொட்டலத்தின் மேல் அந்த எண்ணை ஒவ்வொருவரும் விரல் வைத்துக் காட்ட வேண்டும். பேரன் பேத்தியை வளர்ப்பது இவர்கள்தான், அதனால் இந்த ஒரு பாடத்துக்காகவே வகுப்புக்கு அனுப்பலாம். அப்புறம், அட்டையில் காலாவதி தேதி எந்த ஓரத்தில் இருக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்திலிருந்து மாத்திரையை எடுக்க வேண்டும் என்றார் நர்சம்மா. படித்த எனக்கே அது அதுவரை தோன்றியதில்லை.

குறைகளும் இருக்கின்றன. முந்திரி, பலா சீசனில் நேரத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பெண்கள் கேட்டும் மாற்றவில்லை, பாதிப் பேர் வரவே இல்லை. தேர்வு நெருங்கியதும் நர்சம்மாவின் நாளையும் பாடத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். படிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50 என்று 150 மதிப்பெண் தேர்வு அது. தேர்ச்சி காட்ட வேண்டிய அவசரம் புரிகிறது, ஆனாலும் அந்த நாளை வெட்டியது பெரிய தவறு. மருந்துச் சீட்டைப் படிப்பதும் படிப்புதானே! ஆண்கள் எண்ணி நாலு பேர்கூட வருவதில்லை. சர்க்கரை அவர்களுக்கும்தான் இருக்கிறது.

அத்தை இப்போது தன் சர்க்கரை நோட்டைத் தானே பார்க்கிறார். வெறும் வயிற்றில் 126க்கு மேல் இருந்தால் “கூடிப்போச்சு” என்று அவரே என்னிடம் சொல்கிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடம் அட்டைகளை எண்ணி வாங்குகிறார்.

சேர நினைப்பவர்கள் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். போகும்போது மருந்துப் பையையும் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் ஊர் வகுப்புக்குச் செவிலியர் வருவதில்லை என்றால் நாலைந்து பேராகச் சேர்ந்து துணை சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். எங்கள் ஊரிலும் பெண்கள் போய்க் கேட்ட பிறகுதான் அவர் வர ஆரம்பித்தார்.