பால்டர்ஸ் கேட் என்ஹான்ஸ்டு எடிஷன்: ஓநாய்க் கடிக்குத் தப்பி நாஷ்கெல் சுரங்கம் வரை

2023-ல் வந்த ரோல்-பிளேயிங் கேமான பால்டர்ஸ் கேட் 3-ஐ முடித்த கையோடு, "முதல் பாகம் எப்படித்தான் இருக்கும்?" என்று தேடிப் போகிறவர்கள் இப்போது நிறைய. அவர்கள் வாங்குவது 1998-ல் பயோவேர் செய்த அசல் கேமை 2012-ல் பீம்டாக் தூசு தட்டி வெளியிட்ட என்ஹான்ஸ்டு எடிஷன். கணினி, ஃபோன், டேப்லெட், கன்சோல் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. வாங்கியவர்களில் பலர் கேண்டில்கீப் கோட்டையை விட்டு வெளியே வந்த அரை மணி நேரத்தில், காட்டில் ஒரே ஓநாயிடம் செத்து, "இந்தக் கேம் நியாயமே இல்லை" என்று மூடிவிடுகிறார்கள்.

நியாயம் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லத்தான் கேமுக்கு மனம் வரவில்லை. தாக்குப்பிடிக்கத் தேவையான எல்லாமே முதல் நான்கைந்து வரைபடங்களுக்குள் கிடக்கின்றன. எதை, எப்போது, எந்த வரிசையில் எடுப்பது என்று ஒரு வார்த்தை வராது. ஆகவே இது பாதி விமர்சனம், பாதி கேம் சொல்லாமல் விட்ட பகுதி.

முதலில் கணக்கு. இது ஏடி அண்ட் டி (பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) இரண்டாம் பதிப்பு விதி. லெவல் 1 மேஜுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, 4 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி). கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) எவ்வளவு உயர்வாக இருந்தாலும் ஃபைட்டர் வகையறா அல்லாதவர்களுக்கு அதனால் லெவலுக்கு 2-க்கு மேல் கூடுதலாகக் கிடைக்காது. அதாவது உங்கள் மேஜின் உச்சம் 6. ஒரு லாங் ஸ்வோர்டின் அடி 1 முதல் 8 வரை. மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். கான்ஸ்டிடியூஷன் 18 உள்ள ஃபைட்டர் 14 ஹிட் பாயிண்டோடு தொடங்குகிறார். அது கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும், அவ்வளவுதான். கூட்டாளி செத்தால் கோயிலில் காசு கொடுத்து எழுப்பலாம். நாயகன் செத்தால் கேம் ஓவர்.

அடி விழுமா விழாதா என்பது அடிப்பவரின் தாக்கோ என்ற எண்ணிலும் அடி வாங்குபவரின் ஆர்மர் கிளாஸ் என்ற தற்காப்பு எண்ணிலும் இருக்கிறது. இங்கே ஆர்மர் கிளாஸ் குறையக் குறையத்தான் நல்லது. புதிதாக வருபவர்களை முதலில் குழப்புவது இதுதான். தாக்கோ 20 உள்ள எதிரி, ஆர்மர் கிளாஸ் 10 உள்ள ஆளை அடிக்க இருபது பக்கப் பகடையில் 10-ம் அதற்கு மேலும் போட வேண்டும்: 55 சதவீதம். ஸ்பிளிண்ட் மெயில் என்ற உலோகக் கவசம் போட்டால் ஆர்மர் கிளாஸ் 4, கேடயத்தோடு 3. இப்போது 17 வேண்டும்: 20 சதவீதம். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18 வைத்திருந்தால் இன்னொரு 4 குறைந்து மைனஸ் 1-க்கு வந்துவிடும். அப்போது எதிரிக்குப் பகடையில் 20 விழுந்தால் மட்டுமே அடி. அந்த 20 விழுந்தால் சேதம் இரட்டிப்பாகும், தலைக்கவசம் போட்டிருந்தால் ஆகாது. முன்வரிசையில் நிற்பவருக்கு முதல் காசில் வாங்க வேண்டியது தலைக்கவசம்தான். பகட்டான வாளைப் பார்த்து மயங்கினால் ஒரே இரட்டை அடியில் பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்ப வேண்டியதுதான். மேஜுக்குத் தலைக்கவசம் கிடையாது.

இதனால்தான் நாயகனை உருவாக்கும்போது ஸ்ட்ரெங்த்துக்கு முன்பே டெக்ஸ்டெரிட்டியையும் கான்ஸ்டிடியூஷனையும் பார்க்கச் சொல்கிறோம். பகடையை எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டலாம், நல்ல எண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டு மேலும் உருட்டலாம். கேமே அனுமதிக்கும்போது கூச்சப்பட ஒன்றுமில்லை. முதல்முறை ஆடுபவருக்குக் குள்ளர் ஃபைட்டர் பாதுகாப்பான தேர்வு. டெக்ஸ்டெரிட்டி 17-க்கு மேல் போகாது என்றாலும், மந்திரத்தின் பாதிப்பிலிருந்து தப்பப் போடும் பகடையான சேவிங் த்ரோவில் கிடைக்கும் கூடுதல் பலம் அதை ஈடுகட்டிவிடும்.

கேண்டில்கீப்பில் பொறுமையாக இருங்கள். ரீவருக்கு எலி அடிப்பது, ஹல்லுக்கு வாள் கொண்டுவருவது, ஃபயர்பீடுக்குச் சுருள் வாங்கி வருவது எல்லாம் எடுபிடி வேலைதான். ஆனால் தலைக்கவசம், அம்பு, கவண் கற்களுக்கான காசு அங்கிருந்துதான் வரும். ஷாங்க், கார்போஸ் என்று இரண்டு கத்திக்காரர்கள் உள்ளே ஆளுக்கொரு கட்டடத்தில் காத்திருப்பார்கள். முன்கூட்டியே சேவ் செய்துகொண்டு போங்கள். மேஜாக இருந்தால் இந்த இரண்டும் நிஜமான ஆபத்து.

வெளியே வந்ததும் உங்கள் வளர்ப்புத் தந்தை கோரியன் கதை முடிந்து, பொறி கண்டுபிடிக்கத் தெரிந்த தோழி இமோயன் சேர்கிறாள். அவள் பையில் மேஜிக் மிசைல் மந்திரக்கோல் ஒன்று இருக்கிறது. பலர் கவனிப்பதே இல்லை. அதை கிப்பர்லிங் போன்ற சில்லறை எதிரிகள் மேல் வீணாக்காமல், மந்திரம் ஓதும் எதிரிக்கென்று வையுங்கள். ஓதும்போது அடி பட்டால் மந்திரம் கலைந்துவிடும். மிசைல் குறி தவறாது.

அடுத்து வில். லெவல் 1 ஃபைட்டருக்கு வாள் ஒரு ரவுண்டுக்கு, அதாவது ஆறு விநாடிக்கு, ஒரு வீச்சு. வில்லுக்கு இரண்டு அம்பு. இந்த ஒரு வித்தியாசம் கேமின் முதல் பத்து மணி நேரத்தையே மாற்றிவிடும். ஒருவர் மட்டும் கேடயத்தோடு முன்னால், மற்ற எல்லார் கையிலும் எறியவோ எய்யவோ ஏதாவது ஒன்று: இதுதான் லெவல் 3 வரைக்கும் பார்ட்டியின், அதாவது உங்கள் குழுவின், வடிவம். எதிரி உங்கள் வில்லாளியை நோக்கி ஓடி வந்தால் நின்று சண்டை பிடிக்காதீர்கள். ஒட்டி நிற்பவனை வில்லால் அடித்தால் குறி தவறிக்கொண்டே போகும். துரத்தப்படுபவரைச் சுற்றி ஓடவிட்டு, மற்றவர்கள் அம்பு விடட்டும். ஓகர் என்ற ராட்சத ஜந்து ஒற்றையாக வந்தால் இந்த இழுத்தடிப்பிலேயே விழுந்துவிடும். 270 எக்ஸ்பீரியன்ஸ் புள்ளி அந்தக் கட்டத்தில் பெரிய வரவு.

மந்திரத்தில் ஒன்றே ஒன்று: எதிரிகளைத் தூங்க வைக்கும் ஸ்லீப். பார்ட்டியில் யாராவது ஒருவர் அதை ஓத முடிகிறதென்றால் ஆரம்பச் சண்டைகள் பாதி முடிந்த மாதிரி. ஓநாய், கிப்பர்லிங் கூட்டம், ஹாப்காப்ளின், கோபோல்ட், ஓகர் வரைக்கும் தரையில் சாயும். தூங்குபவனை அடித்தால் அடி கட்டாயம் விழும், அவன் விழித்துக்கொள்வதும் இல்லை. தூரத்தில், எதிரிகள் ஒன்றாகக் கூடி நிற்கும்போதே போட வேண்டும். கைகலப்பு தொடங்கிய பிறகு போடுவது காலம் கடந்த யோசனை. நடைப்பிணம், எலும்புக்கூடு வகையறாவுக்கு இது வேலை செய்யாது. பெரகோஸ்ட் ஊருக்கு மேற்கே சுற்றும் பாசிலஸ் என்ற பூசாரியின் தலைக்கு 5000 பொன் பரிசு என்று கேட்டதும் ஓடுகிறவர்கள் கவிழ்வது இங்கேதான். அவனைச் சுற்றி நிற்பவை எல்லாம் பிணங்கள். அங்கே வேலை செய்வது வாய்: அவனுடைய செத்துப்போன சொந்தக்காரர் நீங்கள்தான் என்பதுபோல் பதில் சொல்லிக்கொண்டே போனால் அந்தப் பிணப்படை தானே உதிர்ந்துவிடும்.

இனி எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்: ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்துப் படிக்கட்டு. கதை உங்களை லெவல் 1-லேயே அங்கே அனுப்புகிறது. வாசலில் டார்னெஷ் என்ற மந்திரவாதி, பெயர் விசாரித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பான். முதலில் மிரர் இமேஜ், அவனைப் போலவே சில பிம்பங்கள். பிறகு ஹாரர். அது விழுந்தால் பார்ட்டியே பயந்து நாலா பக்கமும் சிதறும், கிளிக் செய்தாலும் கேட்காது. அந்த நேரத்தில் மேஜிக் மிசைலால் நாயகனை முடிப்பான். இங்கே வாளை எடுத்துக்கொண்டு பாய்கிறவர்கள் ஒரு பிம்பத்தைக் கலைப்பதற்குள் ஹாரர் வந்துவிடும். படிக்கட்டை நெருங்கும் முன்பே ஆட்களை அகலமாகப் பிரித்து நிறுத்துங்கள். ஹாரர் ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்களைத்தான் பிடிக்கும். எல்லார் கையிலும் வில்லோ கவணோ இருக்கட்டும். பேச்சு முடிந்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி, எல்லாரையும் அவன் மேல் குறி வையுங்கள். ஒவ்வொரு அம்பும் ஒரு பிம்பத்தைத் தின்னும். கோலை இமோயன் விடாமல் பயன்படுத்தட்டும். வழியில் சந்திக்கும் ஜார், மான்டரான் இருவரையும் கூட்டி வந்திருந்தால் நான்கு பேர். அவர்கள் தீய குணத்தார், உள்ளே இருக்கும் ஜஹீரா, காலித் தம்பதியோடு நாளடைவில் முட்டிக்கொள்வார்கள். இந்த ஒரு சண்டைக்கு அவர்கள் போதும்.

ஜெயித்தால் சத்திரத்தில் ஓய்வு. அறையில் தூங்கினால் பத்திரம், காட்டில் தூங்கினால் நள்ளிரவில் யாராவது வந்து எழுப்புவார்கள். மேஜ் ஆடுபவர்கள் அதே வரைபடத்தில் ஒளித்து வைத்திருக்கும் எவர்மெமரி மோதிரத்தைத் தேடாமல் நகரக் கூடாது. முதல் நிலை மந்திரங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். லெவல் 1 மேஜுக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

பெரகோஸ்டில் மூன்று எச்சரிக்கை. ரெட் ஷீஃப் விடுதிக்குள் கார்லட் என்ற கோடாலிக்காரக் குள்ளன் உங்களுக்காக நிற்கிறான். லாண்ட்ரின் வீட்டுச் சிலந்திகளை லெவல் 1-ல் தொடாதீர்கள், விஷம் தாங்காது. என்ஹான்ஸ்டு எடிஷனில் புதிதாகச் சேர்த்த நீராவிடம் பேச்சுக் கொடுத்தால் சிவப்பு மந்திரவாதிகள் வந்து இறங்குவார்கள். அவளை நல்ல கூட்டாளி என்று பார்த்த இடத்தில் சேர்க்கத் துடிப்பவர்கள் டார்னெஷைவிட மோசமான அடி வாங்குகிறார்கள்.

தெற்கே நாஷ்கெல். ஊரின் கிழக்குப் பக்கப் பயிர் வயலில் ஒரு அன்கெக் (ராட்சதப் பூச்சி) ஓட்டுக் கவசம் புதைந்து கிடக்கிறது. ஆர்மர் கிளாஸ் 1, விலை பூஜ்ஜியம். அந்தக் கட்டத்தில் வேறெந்த வழியிலும் எட்டாத பொருள். முன்வரிசை ஆளுக்கு மாட்டிவிட்டால் கோபோல்டுகள் பெரும்பாலும் காற்றைத்தான் வெட்டும். ஊர் விடுதியில் நீரா என்று இன்னொருத்தி உண்டு, அவள் மேலே சொன்ன கூட்டாளி இல்லை, உங்கள் தலைக்கு விலை வாங்கிய பூசாரிணி. ஓதவிடாமல் அம்பு விடுங்கள்.

நாஷ்கெல் சுரங்கத்துக்கு லெவல் 2-ஆவது வந்தபின் போவது நல்லது. கூடவே உபரி வாள் ஒன்றிரண்டு. கதைப்படி இந்த வட்டாரத்து இரும்பு கெட்டுப்போயிருக்கிறது, சாதாரண இரும்பு ஆயுதம் சண்டை நடுவில் உடையும். மந்திர ஆயுதம் உடையாது. உள்ளே சாதாரணக் கோபோல்டு தொந்தரவில்லை. நெருப்பு அம்பு விடும் கோபோல்ட் கமாண்டோ வந்தால் நிலைமை வேறு. திரும்பும் முனையிலேயே நின்று, அவை கூடும் இடத்தில் ஸ்லீப் போடுங்கள். இமோயன் பொறி தேடும் நிலையில் முன்னே செல்ல, ஓரிரு ரவுண்டு நின்று நின்று நகருங்கள். அவள் லெவல் ஏறும்போது வரும் புள்ளிகளைப் பொறி கண்டுபிடிப்பதில் போடுவது இதற்காகத்தான்.

தயாரிப்பாகப் பார்த்தால் குறை இங்கேதான் கண்ணில் படுகிறது. குறுகிய சுரங்கப் பாதையில் ஆறு பேர் நடந்தால் ஒருவருக்கொருவர் வழிமறித்து, பின்னால் நின்ற மேஜ் வேறு வழி தேடிக் கிளம்பி எதிரி மடியில் போய் விழுவார். இத்தனை பேட்ச் வந்தும் இது முழுதாகத் தீரவில்லை. நடையை நிறுத்தி நிறுத்தி, இரண்டிரண்டு பேராக நகர்த்துவதுதான் வழி. கூட்டாளிகளின் தானியங்கி ஸ்கிரிப்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வில்லை வைத்துக்கொண்டே ஓகரின் காலடிக்கு ஓடுகிறார்கள். ஆட்டோ பாஸ் அமைப்பில் எதிரி தென்பட்டால், ஆள் காயப்பட்டால், ஆயுதம் உடைந்தால் நிற்கும்படி வையுங்கள். இவை முதலிலேயே போட்டிருக்க வேண்டிய அமைப்புகள்.

கஷ்ட அளவில் நார்மல் போதும். அதில் லெவல் ஏறும்போது ஹிட் பாயிண்ட் முழுதாகக் கிடைக்கும், சுருளிலிருந்து மந்திரம் கற்பதும் தவறாது. அடுத்த அளவான கோர் ரூல்ஸில் இரண்டுமே பகடை கையில். கதை மட்டும் வேண்டுமென்றால் ஸ்டோரி மோடில் சாவே இல்லை, ஆனால் அதில் மேலே சொன்ன எதற்கும் வேலையும் இல்லை. லெகசி ஆஃப் பால் என்ற மிகக் கடினமான அளவின் பக்கம் முதல்முறை தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஃபோனில் ஓடுகிறது என்றாலும், ஸ்லீப் வட்டத்தைச் சரியான இடத்தில் வைக்க விரல் பெரிதாகிவிடும், எழுத்தும் பொடி. டேப்லெட் பரவாயில்லை, கணினி உத்தமம். தமிழில் கிடையாது, பக்கம் பக்கமாக ஆங்கிலம் படிக்கப் பொறுமை வேண்டும். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம்: லெவல் 3 தாண்டியதும் இதே பார்ட்டி, இதே ஓநாய், நீங்கள் நிறுத்தாமலே கடந்து போவீர்கள். 2016-ல் வந்த சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர் என்ற தொடர்ச்சிக்குத் தனி விலை. அது இந்தக் கதை முடிந்த பிறகு தொடங்குவது, சுரங்கத்தின் அடியில் இருக்கும் எதிரித் தலைவன் முலாஹேயைத் தாண்டும் வரைக்கும் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.