ஊட்டியில் பி.காம். மாணவர் மனித உடலியங்கியல் படிக்க எந்த வழி நல்லது?

பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிட்டு காமர்ஸ், வரலாறு, சமூகப்பணி என்று போனவர்களுக்கும் உடலியங்கியல், அதாவது உடல் எப்படி வேலை செய்கிறது என்ற படிப்பு, தேவைப்படுகிறது. நீலகிரியில் இருப்பவர்களுக்கு மூன்று வழி உண்டு: பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூல், ஆன்லைன் பாடம், கல்லூரியில் விலங்கியல் துறை விருப்பப் பாடம் நடத்தினால் அது.

பாடநூல்தான் கைக்கு எட்டியது. 2018-இல் வந்த தமிழ்வழி நூலில் 5-ஆம் பாடம் தொடங்கி 11 வரை செரித்தல், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், தசை, நரம்பு, ஹார்மோன் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இணையத்தில் இலவசம். ஆனால் தேர்வுக்கு எழுதப்பட்ட நூல். ‘ஏன்’ என்று கேட்பவருக்குப் பல இடங்களில் பட்டியல்தான் கிடைக்கும்.

ஆன்லைனில் ஆழம் அதிகம். இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸின் ஆங்கில உடற்கூறு, உடலியங்கியல் நூல் 28 அத்தியாயங்கள், படங்களோடு இலவசம். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்திலும் இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை செய்யப்போகும் சமூகப்பணி மாணவருக்கு இந்த ஆழம் கட்டாயம் வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் தன்மை (பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறு) இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் சிவப்பணு எப்படி வளைகிறது, அது ஏன் வலியாகிறது என்று புரிந்தவர்தான் அந்தக் குடும்பத்தோடு உருப்படியாகப் பேச முடியும். சிக்கல் ஆங்கிலம். தமிழ்ப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பாதிச் சுமை குறையும்.

இருந்தாலும் என் ஓட்டு வகுப்புக்குத்தான், அதுவும் செய்முறை இருந்தால். கீழே இருந்து ஊட்டிக்கு வரும் சொந்தக்காரர்கள் நாலு படி ஏறினதுமே “மூச்சு வாங்குது” என்பார்கள். மேலே காற்றில் ஆக்ஸிஜன் கம்மி என்று நாமும் சொல்லிவிடுவோம். உண்மையில் மேட்டுப்பாளையத்திலும் ஊட்டியிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய கால்பங்கு இறங்கிவிடுகிறது. அந்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனின் பங்கும் 160 மி.மீ. பாதரசத்திலிருந்து 120 பக்கம் வந்துவிடும். சரி, அப்படியானால் இரத்தத்திலும் கால்பங்கு குறைய வேண்டாமா? இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பாருங்கள், சில புள்ளிகள்தான் குறையும். ஆக்ஸிஜன் அழுத்தத்துக்கு ஏற்ப ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டும் வளைவின் மேல்பகுதி கிட்டத்தட்ட தட்டை. அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் அது ஆக்ஸிஜனை விடுவதில்லை. சில வாரம் தங்கினால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சிவப்பணுக்களையும் பெருக்கிக்கொள்ளும். பாடநூலில் ஒரு கோடாக இருக்கும் அந்த வளைவு, வகுப்பில் எல்லார் விரலையும் அளந்து, படியேறி வந்து மறுபடி அளக்கும்போதுதான் மனதில் உட்காரும். கணக்கு, வேதியியல் பயமும் அங்கேதான் போகும்.

அதனால் சேருமுன் துறையில் கேட்க வேண்டியது: நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் இதையெல்லாம் மாணவர்களே அளப்பார்களா? ஆமாம் என்றால் மற்றது எதையும் யோசிக்காமல் சேருங்கள். நோட்ஸ் மட்டும் சொல்லி எழுதவைப்பார்கள் என்றால் வேண்டாம். பாடநூலும் ஓப்பன்ஸ்டாக்ஸும் ஒரு ஆக்ஸிமீட்டரும் போதும்.