பிளேஸ்டேஷன் 5: சூட்டையும் தூசியையும் எப்படிச் சமாளிக்கிறது?

கேம் கன்சோல் வாங்கும் எவரும் அது ஐந்தாறு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் வாங்குகிறார். ஆனால் அதைப் பற்றி வரும் மதிப்புரைகள் படத்தின் துல்லியம், ஆட்டங்களின் எண்ணிக்கை, கண்ட்ரோலரின் அதிர்வு என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பெட்டி தன் சூட்டை எப்படி வெளியேற்றுகிறது, உள்ளே சேரும் தூசியை வீட்டில் இருப்பவரால் அகற்ற முடியுமா என்ற கேள்விகள், இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்து விசிறி இரையத் தொடங்கும்போதுதான் எழுகின்றன. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5-ஐ இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவு இதுதான்: தூசியை அகற்றுவதற்கு உரிமையாளருக்கென்றே ஒரு வழியை அமைத்துக் கொடுத்த வகையில் இது முந்தைய பிளேஸ்டேஷன்களைவிட மிகவும் மேம்பட்ட கருவி; ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதைக் கருவி யாருக்கும் நினைவூட்டுவதில்லை, அது எல்லாத் தூசியையும் பிடிப்பதும் இல்லை.

கனமான ஆட்டம் ஓடும்போது முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5 ஏறத்தாழ 200 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். இதற்காக 120 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு விசிறி, இரண்டு பக்கங்களிலிருந்தும் காற்றை இழுத்து, உடலின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் ஹீட் சிங்க் என்னும் சூடுகடத்தும் உலோகப் பாகத்தின் தகடுகளுக்கு நடுவே செலுத்திப் பின்புறமாக வெளியேற்றுகிறது. வெள்ளைப் பலகைகளுக்கும் கறுப்பு உடலுக்கும் இடையே தெரியும் நீண்ட இடைவெளி அழகுக்காக மட்டும் விடப்பட்டதன்று. காற்று உள்ளே போகும் வாசல் அதுவே. அந்த வாசலில் வடிகட்டும் வலை எதுவும் இல்லை. ஆகவே அறையில் என்ன மிதக்கிறதோ அது அப்படியே உள்ளே போகிறது. தகடுகளின் மேல் படியும் தூசி இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது: காற்று போகும் இடுக்குகளைக் குறுக்குகிறது, உலோகத்துக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு போர்வையாகப் படிந்து சூடு கைமாறுவதைத் தடுக்கிறது.

இங்கே இந்தக் கன்சோலுக்கே உரிய ஒரு தன்மையைக் கவனிக்க வேண்டும். இதன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய மார்க் செர்னி, 2020 மார்ச்சில் அளித்த விளக்கவுரையில், சிப்பின் வேகம் அதன் வெப்பநிலையைப் பார்த்து மாறுவதில்லை என்றும், அது செய்யும் வேலையின் அளவை மட்டுமே பார்த்து மாறுகிறது என்றும் தெளிவுபடுத்தினார். குளிரான அறையில் இருக்கும் கருவியும் வெக்கையான அறையில் இருக்கும் கருவியும் ஒரே ஆட்டத்தை ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதே இதன் நோக்கம், நல்ல நோக்கமும்கூட. ஆனால் இதனால், கணினியும் கைப்பேசியும் சூடேறும்போது மெல்லத் தளர்ந்து நமக்குக் குறிப்புக் காட்டுவதைப் போல இது காட்டுவதில்லை. ஆட்டம் கடைசிவரை சீராகவே ஓடும். விசிறியின் ஒலி மட்டும் கூடிக்கொண்டே போகும். அதற்கும் அடங்காத சூடு வந்தால், கருவி மிகவும் சூடாகிவிட்டது, அணைத்துவிட்டுச் சூடு தணியும்வரை காத்திருங்கள் என்ற எச்சரிக்கை திரையில் வந்து நிற்கும். ஆகவே பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர் கண்ணைவிடக் காதை நம்ப வேண்டும். வாங்கிய புதிதில் எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு ஒலி வந்தது என்பதை மனத்தில் வைத்திருந்தால், அதே ஆட்டத்துக்கு ஒலி கூடும்போது சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தியாவில் 2014 ஜனவரியில் வந்த பிளேஸ்டேஷன் 4-ஐ நினைத்துப் பார்த்தால் மாற்றத்தின் அளவு புரியும். அதன் முதல் வடிவத்தில் ஹீட் சிங்க்கையும் விசிறியையும் பார்ப்பதற்கே, நட்சத்திர வடிவக் குழியும் அதன் நடுவில் ஒரு முள்ளும் கொண்ட பாதுகாப்புத் திருகுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தத் திருகுகளில் சிலவற்றின் மேல் உத்தரவாத ஒட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. சுத்தம் செய்ய முனைந்தாலே உத்தரவாதம் போய்விடுமோ என்று உரிமையாளர் அஞ்சும்படி இருந்த ஏற்பாடு அது. இத்தகைய ஒட்டிகள் போன்ற நிபந்தனைகளைக் காட்டி உத்தரவாதத்தை மறுப்பது சட்டத்துக்குப் பொருந்தாது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018-இல் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உள்ளிட்ட ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்துக்கும் அடுத்து வந்த கருவியின் வடிவமைப்புக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் 5-இன் பக்கப் பலகைகளைக் கழற்றத் திருப்புளியே தேவையில்லை என்பது எனக்கு மனநிறைவு தருகிறது.

2020 அக்டோபர் 7 அன்று சோனி வெளியிட்ட காணொளி ஒன்றில், இயந்திர வடிவமைப்புப் பிரிவைச் சேர்ந்த யசுஹிரோ ஓட்டோரி கருவியை ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துக் காட்டினார். பலகைகளைக் கழற்றியதும், தூசி சென்று சேரும் குழிவுகளையும், அவற்றிலிருந்து தூசியை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பதற்கான இரண்டு துளைகளையும் அவர் சுட்டிக் காட்டினார். இந்த மதிப்புரையில் நான் முழு மனத்தோடு பாராட்டுவது இந்த இரண்டு துளைகளைத்தான். தூசி வரும் என்பதை ஒப்புக்கொண்டு, அது எங்கே தங்க வேண்டும் என்று தீர்மானித்து, அதை எடுக்கும் வேலையை உரிமையாளரின் கையிலேயே ஒப்படைத்திருக்கிறார்கள்.

செய்முறை எளிது. ஓய்வு நிலையில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கருவி இன்னும் அணையவில்லை என்று பொருள். பவர் பொத்தானை இரண்டாவது முறை ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடித்து முழுமையாக அணைத்து, எல்லாக் கேபிள்களையும் பிடுங்கிவிட்டு, உடல் ஆறும்வரை விட்டுவைக்க வேண்டும். பிறகு தாங்கியைக் கழற்றி, கீறாத துணியின் மேல் படுக்கவைத்து, பலகையின் ஒரு மூலையை மெல்ல உயர்த்தி நகர்த்தினால் கழன்றுவிடும். முதல் தடவை எங்கே உடைந்துவிடுமோ என்று கை தயங்கும். கூடுதல் சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்துவதற்காகப் பலகையைக் கழற்றும் முறையைச் சோனியே சொல்லிக் கொடுத்திருப்பதால், இதில் தயங்க வேண்டியதில்லை. வாக்யூம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து, குறுகிய முனையைத் துளைகளின் மேல் பிடித்தால் போதும். எதிரில் தெரியும் விசிறியின் இதழ்களில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, அது பறக்கும்போதே உறிஞ்சிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் ஏற்பாட்டின் குறையும் தெரிகிறது. குழிவுகள் தூசியின் ஒரு பகுதியைத்தான் பிடிக்கின்றன. மிக நுண்ணிய துகள்கள் விசிறியின் இதழ்களிலும் தகடுகளின் முகப்பிலும் ஒட்டிக்கொள்கின்றன. நம் வீடுகளின் தூசி வெறும் மண்தூசியாக இருப்பதில்லை. சமையலறையின் தாளிப்பு ஆவி, ஊதுபத்திப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி ஆகியவற்றின் பிசுபிசுப்போடு சேர்ந்து அது ஒரு பசையாகவே படிகிறது. வரவேற்பறையும் சமையலறையும் ஒட்டியிருக்கும் சிறிய வீடுகளில் இது இன்னும் அதிகம். அப்படி ஒட்டியதை உறிஞ்சியால் மட்டும் எடுத்துவிட முடியாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த இயர் பட்ஸால் இதழ்களை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டியிருக்கும். இத்தனை தூரம் சிந்தித்தவர்கள், கழற்றிக் கழுவி மாட்டக்கூடிய ஒரு மெல்லிய வலையைக் காற்று நுழையும் இடத்தில் கொடுத்திருக்கலாம். அதைவிட எளிதாக, குறிப்பிட்ட மணிநேரம் ஓடிய பிறகு தூசியைப் பாருங்கள் என்று திரையில் ஒரு வரி காட்டியிருக்கலாம். ஏர்கண்டிஷனரே வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லி விளக்கு எரியவிடும் காலத்தில் இது பெரிய எதிர்பார்ப்பு அன்று.

சுத்தம் செய்யும் கருவிகளில் எதை வாங்குவது என்று பலரும் கேட்கிறார்கள். கணினிக் கடைகளில் பயன்படுத்தும் மின் ப்ளோவர் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எளிதில் கிடைக்கிறது. வேலையையும் விரைவாக முடித்துவிடுகிறது. ஆனால் அதன் காற்று விசிறியை வெறித்தனமாகச் சுழலவைத்துவிடும். அப்படிச் சுழலும் விசிறி ஒரு மின்னாக்கியாக மாறிச் சுற்றுப்பலகைக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். தாங்கு உருளையும் தேயும். ஆகவே விசிறியை விரலாலோ ஒரு பிளாஸ்டிக் குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். பின்புறக் காற்றுவழியில் முனையை வைத்து உள்நோக்கி ஊதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வெளியேற வேண்டிய தூசியை இன்னும் ஆழத்தில் கொண்டுபோய் அடைக்கிறது. டப்பாக்களில் விற்கும் அழுத்தக் காற்று பெரும்பாலும் காற்றே அன்று. அதில் இருப்பது பெரும்பாலும் டைஃப்ளோரோஈத்தேன் என்ற தீப்பற்றக்கூடிய வாயு. டப்பாவைச் சாய்த்தால் உறைபனிக் குளிரில் திரவமாகவே பீய்ச்சும். ஜன்னலைத் திறந்துவைத்து, டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, விட்டுவிட்டு அடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது ஏற்றது. என் தேர்வு குறைந்த வேக வாக்யூம் கிளீனரும் ஒரு நல்ல தூரிகையும்தான். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்: பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும் என்பதால், வெளியே தெரியும் துளைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், உள்ளே இருக்கும் சுற்றுப்பலகைக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது.

தூசி இல்லாவிட்டாலும் சூடாகும் கன்சோல்கள் உண்டு, அதற்குக் காரணம் அவை வைக்கப்பட்டிருக்கும் இடம். சோனியின் பாதுகாப்பு வழிகாட்டி, சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும், இடுக்கான அலமாரியிலும் நீண்ட இழைகள் கொண்ட கம்பளத்திலும் வைக்காமல் இருக்கவும் சொல்கிறது. நம் வீட்டு டிவி ஷோகேஸ்களோ பின்புறம் மூடப்பட்ட தட்டுகளாலானவை. சில வீடுகளில் முன்னால் கண்ணாடிக் கதவும் உண்டு. அதற்குள் வைத்தால் வெளியேறிய சூடான காற்றையே கருவி மறுபடி இழுத்துக்கொள்ளும். மேலும், இந்தக் கருவிக்கு அனுமதிக்கப்பட்ட சூழல் வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. கத்திரி வெயில் காலத்தில் வேலூரிலும் திருச்சியிலும் வெளியே 40 பாகையைத் தாண்டுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை பிற்பகலில் 35 பாகைக்குள் அடங்காது. மின்விசிறி நம் வியர்வையை உலர்த்தி நமக்கு இதமாக இருக்கலாம். கன்சோலுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை அதனால் குறைவதில்லை. அத்தகைய அறைகளில் மே மாதப் பிற்பகல் ஆட்டத்தை இரவுக்குத் தள்ளிப்போடுவது, யுஎஸ்பியில் செருகி மாட்டும் கூடுதல் விசிறிகளை வாங்குவதைவிட நல்லது. அந்த விசிறிகளில் சில காற்றோட்டத்துக்கு எதிராகவே சுழல்கின்றன. பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அவற்றில் எதுவும் இல்லை. துணி உறை போடுபவர்கள், ஓய்வு நிலையில் பதிவிறக்கம் நடந்துகொண்டிருக்கும்போது அதைப் போர்த்திவைக்கக் கூடாது.

எல்லை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இல் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே, சூட்டைக் கடத்தும் பசையான சாதாரணத் தெர்மல் பேஸ்ட் இருந்தது. சில ஆண்டுகளில் அது காய்ந்ததும் துடைத்துப் புதிதாகப் பூசுவது வழக்கம். பழகிய கைகள் அதை வீட்டிலேயே செய்தன. பிளேஸ்டேஷன் 5-இல் அந்த இடத்தில் இருப்பது திரவ உலோகம். சூட்டை மிக நன்றாகக் கடத்தும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். ஹீட் சிங்க்கைத் தூக்கினால் அந்த உலோகத்தைச் சுற்றியுள்ள அடைப்புக் கலைந்து, ஒரு துளி தவறான இடத்தில் விழுந்தாலும் சுற்றுப்பலகை வீணாகிவிடும். சுத்தம் செய்தும், இடம் மாற்றியும் எச்சரிக்கை தொடர்ந்தால், அதற்குமேல் நாம் திறக்கக் கூடாது. பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோகும்போதும், திரவ உலோகத்தைக் கையாண்ட பழக்கம் உண்டா, அதற்குப் பதிலாகச் சாதாரணப் பேஸ்டைப் பூசித் தருவார்களா என்று நேராகக் கேட்க வேண்டும். பேஸ்ட் போதும் என்று சொல்லும் கடையில் நான் கருவியைக் கொடுக்க மாட்டேன்.

எச்சரிக்கையை அலட்சியப்படுத்தி மீண்டும் மீண்டும் ஓட்டுவது ஏன் தவறு என்பதற்கு எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கன்சோலின் வரலாறு போதும். சூடேறி ஆறி, மறுபடி சூடேறும் சுழற்சியில் உள் இணைப்புகள் விட்டுப்போய்ச் சிவப்பு வளையம் காட்டிச் செயலிழந்த கருவிகளுக்காக, மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க நேர்ந்தது.

எந்த வடிவத்தை வாங்குவது என்பதில் சூட்டை வைத்து அதிகம் குழம்ப வேண்டியதில்லை. 2021-இல் ஹீட் சிங்க்கைச் சிறிதாக்கியபோது பெரிய விவாதம் எழுந்தது; 2022-இல் 6 நானோமீட்டர் சிப் வந்து மின்செலவே குறைந்துவிட்டது. 2024-இல் இந்தியாவுக்கு வந்த சிறிய வடிவம் கன அளவில் 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருப்பதால் குறுகிய தட்டுக்குப் பொருந்தும். ஆனாலும் அதைச் சுற்றி அதே 10 சென்டிமீட்டர் இடம் விடத்தான் வேண்டும். பயன்படுத்திய கருவியை வாங்குபவர்கள் விற்பவரின் வீட்டிலேயே கனமான ஆட்டம் ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டு விசிறியின் ஒலியைக் கேட்க வேண்டும். பிறகு அணைத்து ஆறவைத்து, அவர் அனுமதியோடு பலகையைக் கழற்றி அந்த இரண்டு துளைகளையும் பாருங்கள். அங்கே கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை. விசிறியின் இதழ்களில் எண்ணெய்ப் பசையோடு கறுப்பாகப் படிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உள்ளே திருகுகளின் தலை தேய்ந்து, ஹீட் சிங்க்வரை யாரோ திறந்து பார்த்த அடையாளம் தெரிந்தால் வாங்காதீர்கள்.