வியட்நாம் சிப்பாய்களின் சோல் இசைத்தட்டுகள்: எந்தத் தொகுப்பை முதலில் கேட்கலாம்?

வியட்நாம் போரையும் சோல் இசையையும் (தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த, கறுப்பு அமெரிக்கர்களின் வெகுஜன இசை) சேர்த்துச் சொன்னால், உடனே நினைவுக்கு வருவது எட்வின் ஸ்டாரின் ‘வார்’. 1970-ல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டு. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஒலிப்பது போரை எதிர்த்து ஊரில் எழுந்த குரல். களத்தில் கிடந்த சிப்பாயின் நிலை தெரிய வேண்டுமானால், சின்ன நிறுவனங்கள் வெளியிட்டு, கொஞ்ச நாளிலேயே கடைகளிலிருந்து மறைந்துபோன 45 ஆர்.பி.எம். தட்டுகளைத்தான், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சின்ன இசைத்தட்டுகளைத்தான், கேட்க வேண்டும். அசல் தட்டு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பெரும்பாலும் ஊசி பட்டுத் தேய்ந்திருக்கும். ஆகவே மறுவெளியீடுகளே நமக்கு வழி. மூன்று இசை நிறுவனங்களின் தொகுப்புகளை எடுத்துக்கொள்கிறேன்: கெண்ட், நவ்-அகெய்ன், பேர் ஃபேமிலி.

முதலில் ஒரு விஷயம். அந்தக் காலத்தில் அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பர்கள் சுமார் 11 சதவீதம். போரின் ஆரம்ப ஆண்டுகளில் களத்தில் செத்தவர்களில் அவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால், இந்தப் பாட்டுகளில் இத்தனை கடிதங்கள் ஏன் வருகின்றன என்பது விளங்கும்.

லண்டனின் ஏஸ் நிறுவனம் தன் கெண்ட் முத்திரையில் 2003-ல் ‘எ சோல்ஜர்ஸ் சேட் ஸ்டோரி’, 2005-ல் ‘டஸ் எனிபடி நோ ஐம் ஹியர்’ என்று இரண்டு குறுந்தகடுகள் கொண்டுவந்தது. கறுப்பு அமெரிக்காவின் கண்வழியே வியட்நாம் என்பதுதான் இரண்டுக்கும் கரு. ஆள்சேர்ப்பு ஓலை, பிரிவு, பதுங்குகுழி, ஊர் திரும்புதல் எல்லாம் இதில் உண்டு. ஜோ டெக்ஸின் 1966-ம் வருடப் பாட்டில், காதலியின் கடிதத்தைப் படித்த தெம்பில் எழுந்து இன்னும் இரண்டு எதிரிகளைச் சாய்த்ததாகச் சிப்பாய் சொல்கிறான். அன்பும் கொலையும் ஒரே மூச்சில் வருவதைக் கேட்டு நெஞ்சு திக்கென்றது. போரை ஆதரிக்கும் பாட்டு, எதிர்க்கும் பாட்டு என்று இதைப் பிரித்துவிட முடியாது. உயிரோடு திரும்பிவிட மாட்டோமா என்று ஏங்குகிற ஒருவனின் பாட்டு, அவ்வளவுதான்.

அதே ஆண்டில் அட்லாண்டாக்காரரான மைட்டி ஹானிபல் பாடிய ‘ஹிம் நம்பர் 5’ (ஐந்தாம் துதிப்பாடல்) இன்னும் ஒரு படி மேல். துள்ளல் தாளம் கிடையாது. தேவாலயத்தில் கூட்டமாக முனகிப் பாடும் பழைய கறுப்பினப் பாணியில் பின்குரல்கள் இழுத்துக்கொண்டே போக, மேலே அவர் குரல் ஒப்பாரியாக எழுகிறது. ரத்தம் படிந்த குழியில் ஊர்ந்துகொண்டு வீட்டுக்கு எழுதும் கடிதம் அது. ஃபிரீடா பெய்னின் ‘பிரிங் தி பாய்ஸ் ஹோம்’ 1971-ல் 12-ம் இடம் வரை போன வெற்றிப் பாட்டு. ஆனால் அமெரிக்கப் படையினரின் வானொலி அதை ஒலிபரப்ப மறுத்துவிட்டது. யாரைத் திரும்ப அழைத்துவரச் சொல்லிப் பாடினாரோ, அவர்கள் காதுக்கு அது போகாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

கெண்டில் ஒரு குறை உண்டு: பாடுகிறவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைப் பாடகர்கள், சிப்பாயாகத் தங்களைப் பாவித்துப் பாடுகிறவர்கள். இங்கேதான் நவ்-அகெய்ன் 2011-ல் வெளியிட்ட ‘ஈஸ்ட் ஆஃப் அண்டர்கிரவுண்ட்: ஹெல் பிலோ’ முந்துகிறது. வாசிப்பவர்களும் பாடுபவர்களும் நிஜச் சிப்பாய்கள். 1971-72-ல் மேற்கு ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு ராணுவமே இசைக்குழுப் போட்டி நடத்தியது. ஜெயித்த குழுக்களின் வாசிப்பைத் தட்டாக்கி, விற்பனைக்கு விடாமல், ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்காகக் கொடுத்தது. அந்தத் தட்டில் அந்தப் பையன்கள் எடுத்துக்கொண்டது சோல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டின் பாட்டு, கீழே நரகம் இருந்தால் எல்லோரும் அங்கேதான் போகப்போகிறோம் என்று சொல்வது! அசல் பாட்டில் அதிபர் நிக்சனின் பெயரே வரும். சீருடையில் இருந்துகொண்டு, ராணுவத்தின் செலவில் இதைப் பாடியிருக்கிறார்கள். சொந்தப் பாட்டு எழுத இடமில்லாதவர்கள், அடுத்தவர் பாட்டைத் தேர்ந்தெடுத்தே தங்கள் மனதைச் சொல்லிவிட்டார்கள். ஒலிப்பதிவு முரடுதான், கிட்டார் சில இடங்களில் அமுங்கிப்போகிறது. எனக்கு அது உறுத்தவில்லை. ஆனால் களத்தின் கதையை மட்டும் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். கிட்டத்தட்ட எல்லாமே அக்காலத்துப் பிரபல பாட்டுகளின் மறுவாசிப்பு.

ஜெர்மனியின் பேர் ஃபேமிலி 2010-ல் போட்ட பெட்டி 13 குறுந்தகடுகள், முந்நூறுக்கு மேல் பதிவுகள், கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று. கன்ட்ரி, ராக், போரைப் புகழும் பாட்டு, வானொலித் துணுக்கு, போர் முடிந்து திரும்பியவர்கள் தாங்களே பாடியவை என்று எதையும் விடவில்லை. ஆராய்ச்சி செய்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. சோல் மட்டும் அதில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது. தொடர்ந்து கேட்கும்போது அந்தச் சோகம் திரண்டு வருவதில்லை.

ஆக என் வரிசை: முதலில் கெண்டின் 2003 தகடு, அதை முழுதாக. அது பிடித்தவர்கள் சோல் பாடகர் பில் விதர்ஸ் 1972-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடிய ‘ஐ காண்ட் ரைட் லெஃப்ட்-ஹேண்டட்’ பாட்டையும் தேடிக் கேளுங்கள். அரிய தட்டு இல்லை, எளிதாகவே கிடைக்கும். ஒன்பது வருடம் கடற்படையில் இருந்தவர் அவர். வலது கையை இழந்த ஒரு பையன், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி இன்னொருவரைக் கெஞ்சுகிறான். தம்பியையாவது படையில் சேர விடாதீர்கள் என்கிறான். அடுத்தது நவ்-அகெய்ன். பேர் ஃபேமிலி பெட்டியைப் போரின் வரலாற்றையே முழுதாகப் படிக்கிறவர்கள் வாங்கலாம். சோலுக்காக மட்டும் என்றால் அவ்வளவு பணம் போட வேண்டாம்.