நெருஞ்சிப் பூவும் 450 ரூபாய் லென்ஸும்

கைபேசிக் கேமராவின் மேல் கவ்விக்கொள்ளும் மேக்ரோ லென்ஸ் ஒன்றைப் போன கார்த்திகையில் பாளையங்கோட்டையில் வாங்கினேன். விலை 450 ரூபாய். பத்து மடங்கு பெரிதாக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. கடைக்காரர் ஒரு ரூபாய் நோட்டைப் படமெடுத்துக் காட்டினார். எனக்கு வேண்டியிருந்ததோ வீட்டுக்குப் பின்னால் நெருஞ்சிப் பூவில் வந்து அமரும் சின்ன நீலப் பட்டாம்பூச்சி.

சிறகை முழுக்க விரித்தாலும் அது சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். தரையோடு தரையாகப் பறக்கும். அமர்ந்ததும் சிறகை மூடிச் சாம்பல் நிறமாகிவிடும். இத்தனை வருடமும் எல்லாவற்றையும் நான் ‘நீலன்’ என்றே சொல்லி வந்தேன். எங்கள் புல்லில் ஒரே மாதிரித் தோன்றும் பல வகைப் புல் நீலன்கள் (Grass Blue) கலந்து திரிகின்றன என்பதை இந்த லென்ஸ்தான் காட்டிக்கொடுத்தது.

பார்க்க வேண்டியது சிறகின் அடிப்புறத்துப் புள்ளிகளை. முன்சிறகின் உட்பகுதியில், புள்ளி வரிசையை விட்டு விலகி ஒரு புள்ளி தனியே நின்றால் டார்க் கிராஸ் புளூ, அல்லது அதன் வெளிறிய உறவான பேல் கிராஸ் புளூ. அந்த இடம் வெறுமையாக இருந்து, பின்சிறகில் மேல் விளிம்பிலிருந்து இரண்டாவது புள்ளி மட்டும் வரிசையை விட்டு உள்ளே தள்ளி நின்றால் லெஸ்ஸர் கிராஸ் புளூ. முன்சிறகின் மேல் விளிம்பிலேயே குட்டிப் புள்ளிகள் இருந்தால் டைனி கிராஸ் புளூ. வெறும் கண்ணுக்கு இவை எதுவும் பிடிபடாது. லென்ஸ் வழியே பார்த்தபோது ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளை வளையம் தெரிந்தது. அன்று எனக்குச் சமையல் ஓடவில்லை.

குறைகளும் உண்டு. பத்து மடங்கு லென்ஸ் என்றால் பூச்சிக்கு ஓர் அங்குலம் வரை நெருங்கியாக வேண்டும். நம் நிழல் விழுந்தால் போதும், எழுந்து பறந்துவிடும். உச்சி வெயிலில் முயல்வது வீண். காலை ஏழு மணிக்கு முன், சிறகு சூடேறாத நேரத்தில், சூரியனை எதிர்நோக்கிக் குந்தி அமருங்கள். நிழல் பின்னால் விழும். பொழுது சாய்ந்த பிறகு புல் நுனிகளில் தூங்கப் போகும்போதும் அகப்படும். வண்ணார்பேட்டை ஆற்றங்கரைப் புல்லில் அப்படித்தான் ஒரே மாலையில் ஆறு படம் எடுத்தேன். படத்தின் நடுப்பகுதி மட்டுமே தெளிவு, ஓரமெல்லாம் கலங்கல். கவ்வியின் ஸ்பிரிங் இரண்டே மாதத்தில் தளர்ந்தது. மாற்றிக் கேட்டபோது கடையில் கையை விரித்துவிட்டார்கள். ரப்பர் வளையம் போட்டுச் சமாளிக்கிறேன். இந்த விலைக்குக் கவ்வியாவது உறுதியாக இருந்திருக்க வேண்டும், அதில் எனக்கு வருத்தம்தான்.

பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு இதை வாங்காதீர்கள், நெருங்கவே விடாது. புல் நீலன்களுக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

எதிர்வீட்டு ஆச்சி மார்கழியில் களை பிடுங்க வந்தார். “காலில் குத்துகிறதே தாயி, இந்த நெருஞ்சியைப் பிடுங்கிவிடவா?” என்றார். டார்க் கிராஸ் புளூவின் புழு நெருஞ்சியையும் குப்பைக்கீரையையும் தின்னும். அப்போதுதான் ஒரு பெண் பூச்சி தளிரில் வயிற்றை வளைத்துவிட்டுப் போயிருந்தது. கைபேசியை அவர் கையில் கொடுத்து அந்தத் தளிரைக் காட்டினேன். திரையில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒரு முட்டை, மேலெல்லாம் வலைப்பின்னல். ஆச்சி நெடுநேரம் பார்த்தார். பிறகு வேலி ஓரத்து நெருஞ்சியை அப்படியே விட்டுவிட்டு, நடைபாதையில் இருந்ததை மட்டும் பிடுங்கினார்.