வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சேவை: இரண்டு வருடம் கழித்து

வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகள் மூன்று. வேலைக்கும் போய்க்கொண்டு, "குழாய் ஒழுகுது", "மோட்டார் ஓடல" என்ற போன்களுக்கும் ஓடி அலுத்துப்போய், ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். கட்டணம் மாத வாடகையில் 10 சதவீதம்.

ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலே வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். என் கையில் இரண்டு மாதம் காலியாகக் கிடந்த வீட்டுக்கு இவர்கள் 9 நாளில் ஆள் வைத்தார்கள். வாடகையும் 5-ஆம் தேதிக்குள் வந்துவிடுகிறது.

பழுதுபார்ப்பு என்று வந்தால்தான் வயிற்றெரிச்சல். சமையலறைத் தொட்டிக்குக் கீழே கசிவு என்று மூன்று தடவை பில் வந்தது. நேரில் போய்க் குனிந்து பார்த்தேன். இணைப்பில் டேப்பைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறார்கள்; தேய்ந்துபோன வாஷரை யாரும் தொடவே இல்லை. கீழ்ப் பலகை ஊறி உப்பி, விரல் வைத்தால் உதிர்கிறது. வாஷரை மாற்ற எனக்குப் பத்து நிமிடம் ஆனது. (நான் பிளம்பர் எல்லாம் இல்லை.)

அப்புறம், ஒருவர் காலி செய்தபோது சுவரெல்லாம் ஆணித் துளை. முன்பணத்தில் பிடிக்கலாம் என்றால், குடிவந்த அன்று எடுத்த படம் ஒன்றுகூட இவர்களிடம் இல்லை. முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன், வேறென்ன செய்வது?

ஐந்துக்கு மூன்று. சேவையை நிறுத்தவில்லை, என்னைக் கேட்காமல் எந்தப் பழுதும் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன்.