அம்மாவுடன் சகுரா பார்க்க எந்த ஊர்? டோக்கியோ, கியோட்டோ, யோஷினோ, ஹிரோசாகி

சகுரா எனப்படும் செர்ரிப் பூக்கள் மலரும் பருவத்தில் ஜப்பானுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த ஊரில் பூ அழகாக இருக்கும் என்றுதான் தேடுகிறார்கள். மூட்டுவலியும் கழுத்துத் தேய்மானமும் உள்ள, அறுபத்தெட்டு வயது அம்மாவைச் சென்னையிலிருந்து அழைத்துச் சென்ற எனக்கு அந்தத் தேடல் அவ்வளவாக உதவவில்லை. எங்கே உட்கார்ந்தபடியே நிறையப் பூவைப் பார்க்கலாம், நாள் சற்றுத் தவறினாலும் எந்த இடம் கைவிடாது என்ற இரண்டு அளவுகோல்களை வைத்துத்தான் நான்கு இடங்களையும் எடைபோட்டேன்.

நாள் தவறுவது சாதாரணமாக நடப்பதுதான். ஜப்பான் நகரங்களில் பெரும்பாலும் காணப்படும் சோமெய் யோஷினோ என்ற வகைச் சகுரா மரங்கள் ஒட்டுக்கட்டியே பெருக்கப்பட்டவை. மரபணு அளவில் ஒரே மரத்தின் நகல்கள் என்பதால், ஓர் ஊரில் உள்ளவை ஏறக்குறைய ஒன்றாகப் பூத்து ஒன்றாகவே உதிர்ந்துவிடுகின்றன. டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தில் உள்ள மாதிரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் வானிலை ஆய்வு நிறுவனம் பருவம் தொடங்கியதாக அறிவிக்கிறது. சராசரியாக அது மார்ச் 24 என்றாலும், 2023இல் மார்ச் 14ஆம் தேதியும் 2024இல் மார்ச் 29ஆம் தேதியும் அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்குப் பின் ஒரு வாரத்தில் முழுப் பூப்பு, அதற்குப் பின் மழையும் காற்றும் விட்டால் இன்னொரு வாரம், அவ்வளவுதான். தனியாகப் போகிற இளைஞர் கடைசி நேரத்தில் பயணச்சீட்டை மாற்றிக்கொள்ளலாம். மருந்து, விசா, உடன்பிறந்தவர்களின் விடுப்பு எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்து அம்மாவை அழைத்துப் போகிறவருக்கு அது முடியாது.

டோக்கியோவில் எல்லாரும் முதலில் சொல்லும் உவேனோ பூங்காவை நான் சீக்கிரமே விலக்கிவிட்டேன். அங்கே ஹனாமி எனப்படும் பூப் பார்க்கும் விருந்து என்பது நீலத் தார்ப்பாயைத் தரையில் விரித்து, காலணிகளைக் கழற்றிவிட்டு, சம்மணமிட்டு அமர்ந்து உண்டு குடித்துக் கொண்டாடுவது. தரையில் உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும் என்ற நிலையில் உள்ளவருக்கு அது விருந்தாகாது. ஷின்ஜுகு கியோயென் வேறு வகை. ஒருகாலத்தில் அரச குடும்பத்தின் தோட்டமாக இருந்து 1949இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இதற்கு நுழைவுக் கட்டணம் 500 யென். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பாதிதான். மது அனுமதி இல்லாததால் கூச்சல் குறைவு. பாதைகள் அகலமானவை, பெஞ்சுகளும் உண்டு. எல்லாவற்றையும் விட, இங்கே பல வகை மரங்கள் கலந்திருக்கின்றன. சோமெய் யோஷினோ உதிர்ந்தபின் ஏப்ரல் நடுவில் இச்சியோ, கன்ஸான் போன்ற அடுக்குப் பூ வகைகள் மலர்கின்றன. அதாவது ஒரே தோட்டத்தில் இரண்டு பருவங்கள். நாங்கள் போனபோது முதல் வகை கொட்டிக்கொண்டிருந்தது, அடுக்குப் பூக்கள் மொட்டவிழத் தொடங்கியிருந்தன. அம்மாவுக்கு எதையும் தவறவிட்ட உணர்வு வரவில்லை. கணக்கற்ற வாசல்கள் கொண்ட ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் நெரிசலில் முதியவரை இழுத்துச் செல்லாமல், மருனோஉச்சி பாதையில் ஷின்ஜுகு கியோயென்மாயே நிலையத்தில் இறங்கினால் தோட்டத்துக்குச் சில நிமிட நடைதான்.

சாப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஜப்பானியச் சமையலில் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலில் இறக்கிய சாறு எதிர்பாராத இடங்களிலெல்லாம் இருக்கும் என்பதால், சைவரான அம்மாவுக்காக ஊரிலிருந்து புளிக்காய்ச்சல் எடுத்துப் போயிருந்தோம். ஜப்பான் அரிசி குழைந்து ஒட்டிக்கொள்ள, புளியோதரை உருண்டை உருண்டையாக வந்து, பார்ப்பதற்கு அவர்களுடைய சோற்று உருண்டையான ஒனிகிரி போலவே இருந்தது.

கியோட்டோவில் போட்டி நகரத்துக்குள்ளேயே நடக்கிறது. படங்களில் அதிகம் வருவது கின்ககுஜி கோயிலின் பக்கத்திலிருந்து நான்சென்ஜி நோக்கி ஓடும் வாய்க்காலை ஒட்டிய தத்துவஞானியின் பாதை. இது தங்கக் கோயிலான கின்ககுஜி (Kinkaku-ji) அல்ல, வெள்ளிக் கோயில் எனப்படும் கின்ககுஜி (Ginkaku-ji). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே விழுவதால் டாக்ஸி ஓட்டுநரிடம் படத்தைக் காட்டுவதே நல்லது. பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். தத்துவப் பேராசிரியர் நிஷிடா கிதாரோ நடந்து பழகிய வழி என்பதால் அந்தப் பெயர். அழகில் குறையில்லை, ஆனால் கல் பாவிய குறுகிய வழியில் கூட்டத்தோடு கூட்டமாக நகர வேண்டும்.

அதற்கு எதிராக நான் நிறுத்துவது நின்னஜி கோயிலின் ஓமுரோ சகுராவை. சுமார் இருநூறு மரங்கள், உயரம் இரண்டு மூன்று மீட்டர்தான். கிளைகள் தரைக்கு அருகிலிருந்தே பிரிவதால் பூ முகத்துக்கு நேராக வருகிறது. கழுத்தை நிமிர்த்த முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பது அம்மா அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. "நம்ம வீட்டு நந்தியாவட்டை உயரம்தானே இருக்கு" என்றார். ஜப்பானிய மொழியில் ஹனா என்றால் பூவும்தான், மூக்கும்தான். ஆகவே பூ தாழ்ந்த இந்த மரத்தைச் சப்பை மூக்குப் பெண்ணோடு ஒப்பிட்டு உள்ளூரில் வேடிக்கையாகப் பாடுவார்களாம். மற்ற மரங்கள் ஓய்ந்தபின், ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டிப் பூப்பது இன்னொரு நன்மை. ரான்டென் டிராம் கோயில் வாசலுக்கு எதிரிலேயே நிற்கிறது, வாசலில் மட்டும் படிகள் உண்டு. அதே பாதையில் நருதாகி, உதானோ நிலையங்களுக்கு இடையே டிராம் சகுரா மரங்களின் நடுவே புகுந்து செல்கிறது, உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் அந்த மரங்கள் முன்பே பூத்துவிடுவதால், இரண்டையும் ஒரே நாளில் முழுப் பூப்பில் காண்பது அரிது.

நாரா மாநிலத்தின் யோஷினோ மலை பக்தர்களின் இடம். சகுராவை ஸாஓ கொங்கென் தெய்வத்தின் புனித மரமாகக் கருதி, நம்முடைய தல விருட்சத்தைப் போலப் போற்றி, தலைமுறைகளாக நேர்ந்துகொண்டு நட்டவை சுமார் முப்பதாயிரம் மரங்கள். அடிவாரத்திலிருந்து உச்சிவரை படிப்படியாகப் பூப்பதால் நாள் தவறும் அச்சம் குறைவு. இரண்டாவது அளவுகோலில் வெல்கிற இந்த மலை முதலாவதில் தோற்றுவிடுகிறது: ரோப்வே முதல் ஏற்றத்தை மட்டுமே மிச்சப்படுத்துகிறது, அதற்குமேல் தெருவே செங்குத்தாக ஏறுகிறது. முழங்கால் நன்றாக இருக்கும் பெற்றோரென்றால் நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

வடக்கே அவோமோரி மாநிலத்தின் ஹிரோசாகி, ஏப்ரல் கடைசியில் பூக்கிறது. கோட்டைப் பூங்காவில் சுமார் 2,600 மரங்கள். ஆப்பிள் விவசாயிகளின் கவாத்து முறையில் பராமரிப்பதால் பூக்கொத்துகள் அடர்த்தியாக வருகின்றன. உதிர்ந்த இதழ்கள் அகழி நீரை மூடி இளஞ்சிவப்புப் பாய் விரிக்கும்போது, உதிர்வதே ஒரு காட்சியாகிவிடுகிறது. பெரும்பகுதி சமதரைதான். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஷின் அவோமோரி வரை மூன்று மணி நேரத்துக்கு மேல், பிறகு இன்னொரு ரயில் என்பதையும், சென்னை உடம்பு மார்கழியிலும் அறியாத குளிரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போனால் ஏப்ரல் 29இல் தொடங்கும் விடுமுறை வாரத்தின் நெரிசலும் சேரும்.

சித்திரை முதல் நாள் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டதால் ஹிரோசாகி தானாகவே விலகியது. ஏப்ரல் தொடக்கத்தில் கியோயென், இரண்டாம் வாரத்தில் ஓமுரோ என்று இரண்டு தோட்டங்களுக்கு மட்டும் பத்து நாட்களைக் கொடுத்தோம். கியோயெனுக்கு மூன்று முறை போனோம், மூன்று முறையும் அம்மா அதே பெஞ்சைத்தான் தேடினார்.